ப்ளூம்ஸ்பரியில் ஒரு மருத்துவ நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் ப்ளூம்ஸ்பரி தெருக்களில் நடத்திக் கூட்டிப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பிரிட்டிஷ் மியூசியம் பார்க்க வந்தவர்களை, "பக்கத்திலேயே ஒரு தங்கக் கொசு இருக்கிறது, காட்டுகிறேன்" என்று இழுத்துக்கொண்டு போவேன். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் வரும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

"ப்ளூம்ஸ்பரின்னா எழுத்தாளர்கள் இருந்த இடம்தானே? மருத்துவம் எங்கிருந்து வந்தது?"

எழுத்தாளர்கள் வருவதற்கு முன்பே மருத்துவர்கள் வந்துவிட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இது ஊரின் ஓரம். இதைத் தாண்டினால் வயல்வெளி. நல்ல காற்றும் காலி நிலமும் வேண்டும் என்று நினைத்தவர்கள் இங்கே வந்தார்கள். அப்புறம் பணக்காரர்கள் மேற்குப் பக்கமாகக் குடிபெயர, அவர்கள் விட்டுப்போன பெரிய வீடுகள் ஆஸ்பத்திரிகளுக்குத் தோதாகிவிட்டன.

ஓர் உதாரணம் போதும். கிரேட் ஆர்மண்ட் தெருவில் 49-ஆம் எண் வீடு ரிச்சர்ட் மீட் என்ற புகழ்பெற்ற மருத்துவருடையது. ஓவியங்களை வாங்கிக் குவித்தவர் அவர். அதே வீட்டில்தான் 1852-இல் சார்லஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் 10 படுக்கைகளோடு குழந்தைகள் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கலையும் மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் இருந்தது இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல.

"ஆஸ்பத்திரில சுத்திப் பார்க்க என்ன இருக்கு? நோயாளிங்க இருக்கிற இடமாச்சே?"

உள்ளே போவதே இல்லை. நாம் பார்ப்பதெல்லாம் தெருவிலும் சதுக்கத்திலும் அருங்காட்சியகத்திலும் இருப்பவை: சிலை, சுவரில் செதுக்கிய பெயர், பால்கனிக் கம்பி, வாசலில் கிடக்கும் கல். குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று படம் எடுப்பவர்கள், உள்ளே போய் வருகிற பெற்றோர் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது ஒன்றை மட்டும் நான் கறாராகச் சொல்வேன்.

"எங்கே ஆரம்பிக்கிறது? எவ்வளவு நேரம் ஆகும்?"

யூஸ்டன் ரயில் நிலையத்தில் ஆரம்பித்து, யூஸ்டன் சாலை, கவர் தெரு, கெப்பல் தெரு, டாவிஸ்டாக் சதுக்கம், பிரன்ஸ்விக் சதுக்கம், கிரேட் ஆர்மண்ட் தெரு, கடைசியாகக் குயீன் சதுக்கம். நின்று நிதானமாகப் பார்த்தால் மூன்று மணி நேரம். அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் அரை நாள்.

"தங்கக் கொசுன்னு சொன்னீங்களே, நிஜமா?"

நிஜம்தான். முழுத் தங்கம் அல்ல, தங்க முலாம். கெப்பல் தெருவில் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிகல் மெடிசின் என்ற கல்லூரி இருக்கிறது. 1929-இல் திறந்த கட்டடம். பால்கனிகளை அண்ணாந்து பாருங்கள். கொசு, தெள்ளுப்பூச்சி, எலி, பாம்பு என்று மனிதரைக் கொன்ற, நோயைப் பரப்பிய உயிர்களை வெண்கலத்தில் வார்த்து முலாம் பூசி வைத்திருக்கிறார்கள். மற்ற கட்டடங்களில் சிங்கமும் கழுகும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இங்கே கொசு.

எனக்கு மிகவும் பிடித்த பொதுக்கலை இதுதான். ஒரு மருத்துவரின் மார்பளவுச் சிலை என்றால் யாரும் ஒரு நொடிக்கு மேல் நிற்பதில்லை. கொசுவைக் காட்டினால் சின்னப் பிள்ளைகூட "ஏன்?" என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கான பதிலில் பேரரசும் வந்துவிடும். 1899-இல் இந்தக் கல்லூரி தொடங்கியபோது, காலனி நாடுகளுக்கு வேலைக்குப் போகிற வெள்ளைக்கார மருத்துவர்களைத் தயார்செய்வது அதன் முக்கிய வேலை. கொசு கடித்தது எங்கேயோ, தங்க முலாம் ஏறியது இங்கே.

"அதே கட்டடத்துல மேலே பேர் பேரா செதுக்கியிருக்கே, அவங்க யாரு?"

பொதுச் சுகாதாரத்தில் பெரிய வேலை செய்தவர்கள். ஜென்னர், லிஸ்டர், பாஸ்டர், கோக், முதல் பதிலில் வந்த மீட்கூட உண்டு. கட்டியபோது 23 பேர், 23 பேரும் ஆண்கள். தொண்ணூறு வருடம் அப்படியே இருந்தது. 2019-இல்தான் மூன்று பெண்களின் பெயரைச் சேர்த்தார்கள்: மேரி கியூரி, ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல், ஆலிஸ் பால்.

முதல் இரண்டு பெயரும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது பெயரைக் கேட்டால் எல்லோரும் விழிப்பார்கள். ஆலிஸ் பால் ஹவாயில் வேலை செய்த கறுப்பினப் பெண் வேதியியலாளர். தொழுநோய்க்குச் சால்மூக்ரா எண்ணெயை ஊசி மூலம் செலுத்த வழி கண்டுபிடித்தவர். நம் சித்த மருத்துவர்கள் தோல் நோய்க்குப் பயன்படுத்தும் நீரடிமுத்து இருக்கிறதே, அதற்கு நெருங்கிய சொந்தம்தான் சால்மூக்ரா மரம். ஆலிஸ் 1916-இல் 24 வயதிலேயே இறந்துபோனார். அவருடைய முறைக்கு வேறொருவர் தன் பெயரை வைத்துக்கொண்டார்.

"ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல் எந்த நோய்க்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி?"

எந்த நோய்க்கும் இல்லை. ஹாஸ்பிடல் என்ற சொல்லுக்கு அன்று புகலிடம் என்றும் பொருள். தெருவோரம் குழந்தைகள் விடப்பட்டுச் சாவதைப் பார்த்துத் தாங்காத தாமஸ் கோரம் என்ற கப்பல் கேப்டன், பல வருடம் அலைந்து 1739-இல் அரச சாசனம் வாங்கித் தொடங்கிய குழந்தைகள் இல்லம் அது. ஆனாலும் மருத்துவ வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஒரே இடத்தில் வளர்ப்பது, அம்மை குத்துவது, பால் கொடுக்கக் கிராமத்துச் செவிலித்தாய்களிடம் அனுப்புவது எல்லாம் அங்கே நடந்தன.

'கலை மூலம் மருத்துவப் பாரம்பரியம்' என்று இன்று பேசுகிறோமே, அதை 18-ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டியது இந்த இல்லம். ஹோகார்த் என்ற ஓவியர் அதன் நிர்வாகிகளில் ஒருவர். 1740-இல் கோரமின் உருவப்படத்தை வரைந்து கொடுத்தார். சக ஓவியர்களையும் படம் கொடுக்க வைத்தார். படம் பார்க்கப் பணக்காரர்கள் வந்தார்கள், வந்தவர்கள் குழந்தைகளையும் பார்த்தார்கள், பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரிட்டனின் முதல் பொதுக் கலைக்கூடம் என்றே இதைச் சொல்வதுண்டு. இசையமைப்பாளர் ஹாண்டெல் தன் பங்குக்கு, 1750 முதல் இல்லத்தின் தேவாலயத்தில் 'மெசையா' என்ற தன் இசைப் படைப்பை வருடாவருடம் நிகழ்த்தி நிதி திரட்டித் தந்தார்.

கட்டடம் இப்போது இல்லை. 1926-இல் இல்லம் ஊருக்கு வெளியே போனது, பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். படங்களும் பொருட்களும் பிரன்ஸ்விக் சதுக்கத்தில் உள்ள ஃபவுண்ட்லிங் மியூசியத்தில் இருக்கின்றன.

"கிழிஞ்ச துணியும் உடைஞ்ச காசும் பார்க்க டிக்கெட் வாங்கணுமா?"

வாங்குங்கள். இந்த நடையில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் காசு கொடுக்கலாம் என்றால் இதற்கே கொடுங்கள்.

பிள்ளையை இல்லத்தில் விட்டுப் போகும் தாய், பின்னால் வந்து மீட்க நேர்ந்தால் அடையாளம் காட்ட ஒரு பொருளை வைத்துவிட்டுப் போவாள். பாதியாக வெட்டிய நாணயம், ஒரு பொத்தான், பெயர் கீறிய தகடு. பெரும்பாலும் துணித்துண்டு. ஒன்றுமே இல்லாதவளிடமும் உடுத்தியிருந்த துணி இருக்குமே. அந்தத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் பழைய பதிவேடுகளில் ஊசி குத்தியபடியே பத்திரமாக இருக்கின்றன. மீட்கப்பட்ட பிள்ளைகள் மிகச் சிலர்தான்.

இடம் போதாத காலத்தில் தாய்மார்களைப் பையில் கைவிட்டுப் பந்து எடுக்கச் சொல்வார்கள். வெள்ளைப் பந்து வந்தால் பிள்ளைக்கு இடம். கறுப்பு வந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். சிவப்பு வந்தால் காத்திருக்கலாம். 1756 முதல் 1760 வரை பாராளுமன்றம் பணம் கொடுத்து எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொன்னபோது 15,000 அளவுக்கு வந்து குவிந்தார்கள். அதில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. மியூசியத்துக்கு வெளியே, கம்பி வேலியின் முனையில் ஒரு குழந்தையின் கையுறை மாட்டியிருக்கும். யாரோ கீழே கிடந்ததை எடுத்து வைத்தது போலத் தெரியும். தொட்டுப் பார்த்தால் வெண்கலம். ட்ரேசி எமின் என்ற கலைஞர் செய்தது. பலரும் கவனிக்காமல் கடந்து போய்விடுவார்கள்.

"கோரம்ஸ் ஃபீல்ட்ஸ்ல எங்களை உள்ளே விடமாட்டேன்னுட்டாங்களே?"

பிள்ளை இல்லாமல் போயிருப்பீர்கள். பழைய இல்லம் இருந்த ஏழு ஏக்கர் இடம் இப்போது குழந்தைகளின் பூங்கா. குழந்தையோடு வராத பெரியவர்களுக்கு அனுமதி இல்லை. கோரமுக்கு இதைவிட நல்ல நினைவுச்சின்னம் எனக்குத் தோன்றவில்லை.

"குழந்தைங்க ஆஸ்பத்திரி வாசல்ல பீட்டர் பேன் எதுக்கு நிக்கிறான்?"

அவன் சம்பாதித்துக் கொடுத்த பிள்ளை. என்றும் வளராத சிறுவன் பீட்டர் பேனின் கதையை நாடகமாக எழுதிய ஜே. எம். பாரி, 1929-இல் அதன் உரிமையைக் கிரேட் ஆர்மண்ட் தெரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பணம் வருகிறது என்று வெளியே சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். இன்று வரை சொல்வதில்லை. 1987-இல் காப்புரிமைக் காலம் முடிந்தபோது, அடுத்த வருடமே சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு சேர்த்து, பிரிட்டனில் அந்த நாடகத்துக்கான ராயல்டி ஆஸ்பத்திரிக்கு என்றென்றைக்கும் போய்ச்சேரும்படி செய்தார்கள். ஹோகார்த்தும் ஹாண்டெலும் செய்த அதே வேலையை ஒரு கதாபாத்திரம் செய்துகொண்டிருக்கிறது.

"கைப்பிடி இல்லாத தண்ணி பம்ப் இங்கேதானே இருக்கு?"

இல்லை, அது சோஹோ. இங்கிருந்து இருபது நிமிட நடை. பலரும் கேட்பதால் சொல்லிவிடுகிறேன். 1854-இல் பிராட் தெருப் பக்கம் காலரா பரவி 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நோய் கெட்ட காற்றால் வருகிறது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஒரு தெருப் பம்பைக் கைகாட்டினார். செப்டம்பர் 8 அன்று கைப்பிடியைக் கழற்றினார்கள். ஏற்கெனவே பாதி ஜனம் ஊரைக் காலி செய்திருந்தது, நோயும் தணியத் தொடங்கியிருந்தது. அதனால் கைப்பிடி கழன்றதும் காலரா நின்றது என்று கதை சொல்வது கொஞ்சம் மிகைதான்.

இன்று பிராட்விக் தெருவில் அந்தப் பம்பின் மாதிரி நிற்கிறது, கைப்பிடி இல்லாமலே. பக்கத்து மதுக்கடைக்கு ஸ்னோவின் பெயர். வாழ்நாளின் பெரும்பகுதி மதுவைத் தொடாத மனிதர் பாவம்! அவர் பெயரில் உள்ள சங்கம், தங்கக் கொசுக் கல்லூரியில் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு சொற்பொழிவு நடத்தி, முடிவில் ஒரு பம்பின் கைப்பிடியைக் கழற்றி மாட்டுகிறது.

"வாசல்ல கிடக்கிற அந்தக் கூழாங்கல்லுக்கு எழுபதாயிரம் பவுண்டா? அந்தக் காசுல நர்ஸ் வைக்கலாமே?"

யூஸ்டன் சாலையில் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும், மெருகேற்றிய பெரிய கல்லைக் கேட்கிறீர்கள். ஜான் எய்கன் செய்தது, 2005. விலை தெரிந்ததும் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அது சிகிச்சைக்கு ஒதுக்கிய பணம் அல்ல, நன்கொடைப் பணம். நர்ஸ் சம்பளத்தை வெட்டிக் கல் வாங்கவில்லை.

இப்படிச் சொன்னால் கேள்வி தீர்ந்துவிடுமா என்றால், இல்லை. நன்கொடையையும் வேறு எதற்காவது கேட்டிருக்கலாமே என்று வாதாடலாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். போகிற வருகிற மனிதர்கள் அந்தக் கல்லைத் தொடுகிறார்கள். ரிசல்ட்டுக்காக உள்ளே போகிறவர் ஒரு தரம் தடவிவிட்டுப் போகிறார். கோயில் வாசல்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

"நம்ம ஊருக்கும் இந்த ஏரியாவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா அக்கா?"

உண்டு, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் வக்கீல் கணவரோடு சென்னைக்கு வந்தார். ஆண் மருத்துவரிடம் போக முடியாமல் பெண்கள் பிரசவத்தில் சாவதைப் பார்த்து, 1875-இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரானார். அப்புறம் லண்டன் வந்து, ப்ளூம்ஸ்பரியில் பெண்களுக்காக 1874-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் படித்துப் பட்டம் வாங்கினார். திரும்பிப் போய் 1885-இல் சென்னையில் அவர் தொடங்கியதுதான் கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரான ருக்மாபாய் படித்ததும் இதே பள்ளியில்தான்.

ஷார்லீப் பின்னாளில் வேலை செய்தது, யூஸ்டன் சாலையில் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் நிறுவிய பெண்கள் ஆஸ்பத்திரியில். பெண்களே நடத்திப் பெண்களுக்கே வைத்தியம் பார்த்த இடம். 1976-இல் அரசு மூடப் பார்த்தபோது, ஊழியர்கள் ஆஸ்பத்திரியை விட்டு வெளியேற மறுத்து உள்ளேயே வேலையைத் தொடர்ந்தார்கள். 1979-இல் அது தப்பியது. இப்போது அந்தப் பழைய கட்டடம் யூனிசன் தொழிற்சங்கத்தின் தலைமையகத்தோடு சேர்ந்துவிட்டது. அங்கே சின்னதாக ஒரு காட்சிக்கூடம், அனுமதி இலவசம்.

"டாவிஸ்டாக் சதுக்கத்துல காந்தி சிலை இருக்கே, அதுவும் மருத்துவமா?"

இல்லை. காந்தி பக்கத்துக் கல்லூரியில் சட்டம் படித்தவர். 1968-இல் வைத்த சிலை. அதே சதுக்கத்தில் லூயிசா ஆல்ட்ரிச்-பிளேக் என்ற பெண்ணின் சிலையைத் தேடுங்கள். பிரிட்டனில் அறுவை சிகிச்சையில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்.

எதிரே பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷனின் கட்டடம். 2005 ஜூலை 7 அன்று 30-ஆம் எண் பேருந்தில் குண்டு வெடித்து 13 பேர் இறந்தது அதன் வாசலில்தான். உள்ளே கூட்டத்துக்கு வந்திருந்த மருத்துவர்கள் ஓடி வந்து, முற்றத்தையே சிகிச்சை இடமாக்கினார்கள். நினைவுப் பலகை இருக்கிறது. இந்த இடத்தில் நான் பேசுவதில்லை.

"மோசமான வரலாறும் இருக்குமே? அதையும் சேர்த்தா கொண்டாடணும்?"

சொல்லித்தான் ஆகவேண்டும். துணித்துண்டு பற்றிச் சொன்ன அதே இல்லத்தில், 1767-இல் வில்லியம் வாட்சன் என்ற மருத்துவர் குழந்தைகளுக்குத் தடுப்புக்காகப் பெரியம்மை குத்தி, சிலருக்கு மருந்து கொடுத்தும் சிலருக்குக் கொடுக்காமலும் வைத்து, கொப்புளங்களை எண்ணி ஒப்பிட்டார். மருந்தால் பெரிய பயன் இல்லை என்று தெரிந்தது. மருத்துவச் சோதனை முறைக்கு அது முன்னோடி. ஆனால் அந்தப் பிள்ளைகளைக் கேட்க யார் இருந்தார்கள்? பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அடித்தளமிட்ட ஹான்ஸ் ஸ்லோன் மருத்துவர்தான், இந்தப் பேட்டைக்காரர்தான். அவர் சேகரித்த பொருட்களுக்குப் பின்னால் ஜமைக்கா அடிமைத் தோட்டப் பணமும் இருக்கிறது. 2020-இல் அவர் சிலையைப் பீடத்திலிருந்து எடுத்து, அந்த விவரத்தோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

"வெல்கம் கலெக்‌ஷன்ல ஒரு காட்சியையே மூடிட்டாங்களாமே, அது வரலாற்றை அழிக்கிறதில்லையா?"

மருந்துக் கம்பெனி முதலாளி ஹென்றி வெல்கம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களைச் சேர்த்தவர். அவர் சேகரிப்பிலிருந்து நெப்போலியனின் பல் துலக்கும் பிரஷ் முதல் செயற்கைக் கால் வரை வைத்திருந்த காட்சி வெல்கம் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் 2007 முதல் இருந்தது. 2022 நவம்பரில் அதை மூடினார்கள். இனவாத, பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் தாழ்த்தும் பார்வையிலேயே கதை சொல்கிறது என்று அவர்களே காரணம் சொன்னார்கள்.

இதில் எனக்கு இரண்டு மனசு. யார் சேர்த்தார் என்பதை மட்டும் சொல்லி, யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லாத காட்சி அது என்பது உண்மை. ஆனாலும் பூட்டுவதைவிட ஸ்லோனுக்குச் செய்ததைப் போல விவரத்தை மாற்றி எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம். கட்டடம் திறந்துதான் இருக்கிறது, வேறு காட்சிகள் உண்டு, இலவசம்.

"நாங்களே ஒரு நீலப் பலகை வைக்க முடியுமா?"

புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த கட்டடத்தின் சுவரில் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு பதிக்கும் நீலப் பலகைக்கு யார் வேண்டுமானாலும் பெயர் முன்மொழியலாம். ஆள் இறந்து 20 வருடம் ஆகியிருக்க வேண்டும், அவர் வாழ்ந்த அல்லது வேலை செய்த கட்டடம் லண்டனில் இன்னும் நிற்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையில்தான் பலரும் அடிபட்டுப் போவார்கள். பெரிய மருத்துவர்களுக்குச் சொந்த வீடு இருந்தது. வார்டில் படுத்துக் கிடந்தவர்களுக்கு?

"அப்போ நம்ம டாக்டர், நர்ஸ் பேரெல்லாம் எந்தச் சுவர்லயும் இல்லையா?"

2018-இல், பிரிட்டனின் தேசிய சுகாதார சேவைக்கு 70 வயது ஆனபோது, பொது மருத்துவர்களின் ராயல் கல்லூரி யூஸ்டன் சதுக்கத்தில், தெற்காசியாவிலிருந்து வந்த மருத்துவர்கள் பற்றி ஒரு கண்காட்சி வைத்தது. மற்றவர்கள் போக விரும்பாத சுரங்க ஊர்களிலும் ஏழைப் பேட்டைகளிலும் கிளினிக் நடத்தியவர்களின் கதை. கண்காட்சி என்பதால் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள்.

கெப்பல் தெருச் சுவரில் அந்த மூன்று பெண்களின் பெயரைச் செதுக்கத் தொண்ணூறு வருடம் ஆனது. நான் அங்கே போகும்போதெல்லாம், இன்னும் எத்தனை பெயருக்கு இடம் இருக்கிறது என்று மேலே பார்த்து எண்ணுவேன். நிறையவே இருக்கிறது.